பென்சில் சண்டையும் மூன்று நாள் கெடுவும்

2025 ஏப்ரல் 15 அன்று பாளையங்கோட்டையில் உள்ள ஒரு தனியார் பள்ளியில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் வகுப்புத் தோழனை அரிவாளால் வெட்டினான். அரிவாளைப் புத்தகப் பையில் மறைத்துக் கொண்டு வந்திருந்தான். தடுக்க வந்த ஆசிரியைக்கும் காயம். இருவருக்கும் இடையே முன்பு ஒரு பென்சிலைத் தொட்டு ஏற்பட்ட தகராறுதான் காரணம் என்று செய்திகள் கூறின.

பையைச் சோதிக்க வேண்டும் என்றார்கள் சிலர். செல்போனையும் சினிமாவையும் குறை சொன்னார்கள் வேறு சிலர். அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் பென்சில் சண்டை எல்லா வகுப்பிலும் நடக்கிறது. நம்மைக் கவலைப்பட வைப்பது, அந்தச் சண்டை ஆறாமல் கிடந்த இடைப்பட்ட நாட்கள்தான்.

அருமனையில் நம் பிள்ளைகளின் ஒரு நாளைப் பாருங்கள். காலையில் மத்ரஸா, பிறகு பள்ளிக்கூடம், மாலையில் டியூஷன். பல வீடுகளில் வாப்பா வளைகுடாவில் இருக்கிறார். இரவு வீடியோ காலில் அவர் கேட்பது மார்க் எவ்வளவு என்றுதான். இன்று யாரோடு விளையாடினாய், ஏன் தனியாக பஸ் ஏறினாய் என்று கேட்பதற்கு யாருக்கும் நேரமில்லை. நெருங்கிய நண்பன் வேறொருவன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டான் என்பது நமக்குச் சின்ன விஷயம். பத்து வயதுப் பிள்ளைக்கு அன்றைய உலகமே அதுதான்.

அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைர் வளர்த்த குருவி செத்துப்போனது. அவர் வாடியிருந்ததைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அந்தக் குருவிக்கு என்ன ஆயிற்று என்று அவரிடமே அன்போடு விசாரித்தார்கள். எத்தனையோ பொறுப்புகளைச் சுமந்தவர்கள், ஒரு குழந்தையின் குருவிக்காக நின்று பேசினார்கள். "இதுக்கெல்லாமா அழுவது?" என்று கேட்கும் நமக்கு இந்த ஒரு நிகழ்ச்சி போதும்.

ஒரு முஸ்லிம் தன் சகோதரனோடு மூன்று நாட்களுக்கு மேல் பேசாமல் வெறுத்து ஒதுங்கியிருப்பது கூடாது. இருவரில் சிறந்தவர் முதலில் ஸலாம் சொல்பவரே என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. மத்ரஸாவில் நாம் இதை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். ஆனால் இதில் உள்ள நடைமுறை ஞானத்தை விளக்குவதில்லை. கோபம் வரவே கூடாது என்று மார்க்கம் சொல்லவில்லை. அது ஆற அவகாசம் தருகிறது, அந்த அவகாசத்துக்கு ஒரு கெடுவும் வைக்கிறது. மாற்று மத நண்பனோடு ஏற்பட்ட பிணக்கிலும் பிள்ளை இதே பண்பைக் கைக்கொள்ளட்டும். நம் ஊர் வகுப்பறைகளில் மூன்று சமயத்துப் பிள்ளைகளும் ஒன்றாகத்தானே இருக்கிறார்கள்.

ஒரு சிக்கல் உண்டு. சொத்துத் தகராறில் பெரிய வாப்பாவோடு ஆறு வருடமாகப் பேசாத வீட்டில் வளரும் பிள்ளையிடம் மூன்று நாள் ஹதீஸை எப்படிச் சொல்வது? அந்தப் பிள்ளை பாடத்தை வீட்டிலேயே படித்து முடித்துவிட்டது. இன்னும் சிலர் பிள்ளையின் சண்டைக்காக அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்கிறார்கள். பிள்ளைகள் மறுநாள் சேர்ந்து கொள்வார்கள், உம்மாமார் சேர்வதில்லை.

இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். இரண்டு பேர் சரிசமமாகப் போடும் சண்டை வேறு, பலர் சேர்ந்து ஒருவனைத் தொடர்ந்து வதைப்பது வேறு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதியின் பெயரால் சக மாணவர்களால் துன்புறுத்தப்பட்ட பிளஸ் டூ மாணவன், அதைப் பள்ளியில் சொன்ன பிறகு, இரவில் வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அந்த மாணவன் சிகிச்சைக்கிடையே படித்து 2024 தேர்வில் 469 மதிப்பெண் எடுத்தது பெரிய மன உறுதி. ஆனால் அந்த உறுதியைப் பாராட்டிவிட்டுப் பெரியவர்கள் தப்பித்துக் கொள்ள முடியாது. அந்தச் சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் சாதி அடையாளக் கயிறு கட்டத் தடை, பெரிய பள்ளிகளில் நல அலுவலர் நியமனம் உள்ளிட்ட பரிந்துரைகளை 2024 ஜூனில் அரசிடம் அளித்தது.

வதைக்கப்படும் பிள்ளையிடம் "ஸப்ர் செய்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது ஸப்ருக்கு நாம் செய்யும் அநீதி. அநீதியை எடுத்துச் சொல்வது பொறுமைக்கு எதிரானதல்ல. இப்படிப்பட்ட வேளையில் வகுப்பாசிரியரையும் தலைமை ஆசிரியரையும் நேரில் பார்த்து, எழுத்தில் கொடுங்கள். பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இந்த இரண்டையும் பிள்ளைக்கே மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

சாதாரணப் பிணக்கு என்றால், முதல் நாள் முழுவதையும் கேளுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள். மறுநாள் அவன் பக்கம் என்ன நியாயம் இருக்கும் என்று பிள்ளையையே சொல்ல வையுங்கள். மூன்றாம் நாள் முதல் வார்த்தையை எப்படித் தொடங்குவது என்று இருவருமாக யோசியுங்கள். சில நேரம் நட்பு திரும்ப வராது. வராவிட்டாலும் எதிரே வந்தால் முகம் திருப்பாமல் போகப் பழகினால் போதும். வளைகுடாவில் இருக்கும் வாப்பாமார் இன்று இரவே மார்க்கை விட்டுவிட்டு, பக்கத்தில் யார் உட்கார்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.