உடம்பு வெறும் கூடுதானா?

கிறிஸ்தவர் வீட்டுத் துக்கத்துக்குப் போனால் தவறாமல் காதில் விழும் ஆறுதல் ஒன்று உண்டு. "உடம்பு வெறும் கூடுதாங்க, ஆத்துமா ஆண்டவர்கிட்ட போயிடுச்சு." சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் அவர் சொல்வது கிறிஸ்தவம் இல்லை, பிளேட்டோ!

ஆதியாகமம் 2-ம் அதிகாரம் 7-ம் வசனத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். கடவுள் மண்ணால் மனிதனை உருவாக்கி மூக்கில் மூச்சை ஊதுகிறார், மனிதன் ஜீவாத்துமா 'ஆகிறான்'. எங்கிருந்தோ ஒரு ஆத்துமாவைக் கொண்டு வந்து மண் சட்டிக்குள் ஊற்றி மூடியதாக அங்கே ஒரு வரியும் கிடையாது. மண்ணும் மூச்சும் சேர்ந்ததுதான் மனிதன். எபிரேய மொழியில் மனிதன் 'ஆதாம்', மண் 'அதாமா'. (ஜீவாத்துமா என்று மொழிபெயர்த்த அதே எபிரேயச் சொற்கள் முதல் அதிகாரத்தில் மிருகங்களுக்கும் வருகின்றன. தமிழில் அங்கே 'ஜீவஜந்து' ஆகிவிட்டதால் யாரும் கவனிப்பதில்லை.)

பவுல் ஏதென்ஸில் பேசியபோது எந்த இடத்தில் சிரித்தார்கள்? மரித்தோர் எழுந்திருப்பார்கள் என்று சொன்ன இடத்தில். ஆத்துமா அழியாது என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்த ஊருக்கு அது பழைய சங்கதி. போன உடம்பு திரும்பும் என்பதுதான் அவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

எதிரிகளுக்கு இது நன்றாகவே புரிந்திருந்தது. கி.பி. 177-ல் பிரான்சின் லியோன் நகரில் கிறிஸ்தவர்களைக் கொன்றவர்கள் அதோடு விடவில்லை. பிணங்களை எரித்துச் சாம்பலை ரோன் நதியில் கரைத்தார்கள். இனி எப்படி எழுந்திருப்பீர்கள் பார்க்கலாம் என்ற கேலி அது. ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தவருக்குச் சாம்பலிலிருந்து எழுப்புவது கஷ்டமா என்பது சபையின் பதில். மனிதனை மனிதன் தின்றுவிட்டால் அந்தச் சதை யாருக்குச் சேரும் என்ற கேள்வியைக்கூட அகஸ்டின் தன் நூலில் எடுத்து வைத்துப் பதில் சொல்லியிருக்கிறார். இன்று இதையே புதிதாகக் கண்டுபிடித்ததுபோலக் கேட்கும் பகுத்தறிவு நண்பர்கள் 1,600 வருடம் தாமதம்! இதெல்லாம் நடக்குமா, நடக்காதா என்பது வேறு விஷயம். நம்பாதவர் நம்ப வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

நம்புகிறவர்கள் என்ன செய்தார்கள்? 1886-ல் கத்தோலிக்கத் திருச்சபை தகனத்தைத் தடை செய்தது. அந்த நாளில் ஐரோப்பாவில் தகனத்துக்காக வாதாடியவர்களில் பலர் திருச்சபைக்கு எதிரிகள், அதனால் வந்த கோபம். 1963-ல் தடை தளர்ந்தது. உயிர்த்தெழுதலை மறுப்பதற்காக எரிக்கவில்லை என்றால் சரி என்றார்கள். 2016-ல் வந்த அறிவுரை, அடக்கம் செய்வதே மேல், சாம்பலைத் தூவக் கூடாது, பங்கு போடக் கூடாது என்றது. செத்த உடம்புக்கு இவ்வளவு மரியாதை!

அந்த மரியாதை நம்மூர்க் கல்லறைத் தோட்டத்து வாசலோடு நின்றுபோகிறது. திருச்சி மேலப்புதூர் கல்லறையின் குறுக்கே எழுப்பிய சாதிச் சுவர் பத்திரிகைகளில் பலமுறை வந்த செய்தி. தலித் கிறிஸ்தவருக்குத் தனி இடம், தனிப் பாதை என்று வைத்திருக்கும் ஊர்கள் வேறு உண்டு. கேட்டால் "முன்னோர் வழக்கம், ஆன்மிகத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை" என்பார்கள். உடம்பு வெறும் கூடு என்றால் அந்தப் பதில் ஒருவேளை செல்லுபடியாகலாம், கூடு எங்கே கிடந்தால் என்ன. ஆனால் ஞாயிறுதோறும் எழுந்து நின்று, சரீரம் உயிர்த்தெழும் என்று விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கை செய்கிறார்களே! எழப்போவது அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் கிடக்கிற அதே உடம்புகள்தானே? ஒரே மண்ணில் செய்தவை என்று முதல் புத்தகமே சொல்கிறதே? சுவரைக் கட்டியவர்களும், கட்டவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த குருமார்களும், இந்த இரண்டில் எதை நம்பவில்லை என்று சொல்லட்டும்.