நெஞ்சுவலிக்கு 10 நிமிடத்தில் ஈசிஜி: செவிலியர் சங்கத்தின் நிலைப்பாடு

நெஞ்சுவலியோடு வரும் ஒவ்வொருவருக்கும், அவர் வாசலுக்கு வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும். அதை எடுக்கச் செவிலியர் எவர் உத்தரவுக்கும் காத்திருக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டின் அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்திலும் இது எழுத்துபூர்வமான விதியாக வேண்டும் என்பது எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு.

காரணம்

மாரடைப்பில், இதயத்தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோனரிக் குழாய் அடைபட்டதும் இதயத்தசை சாகத் தொடங்குகிறது. செத்த தசை மீண்டு வராது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, வலி தொடங்கிய 12 மணி நேரத்துக்குள் போட்டால்தான் பயன் தரும். முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் போட்டால் பயன் மிக அதிகம். அந்த ஊசியா, ஆஞ்சியோபிளாஸ்டியா என்று முடிவெடுக்க முதலில் ஈசிஜி வேண்டும். 10 நிமிடம் என்ற வரம்பு உலக அளவிலான இதயநோய் வழிகாட்டுதல்களில் உள்ளதுதான்.

ஆனால் ஓ.பி. சீட்டு வாங்குவதிலும், டாக்டர் வார்டிலிருந்து வரும்வரை காத்திருப்பதிலும், 'வாயுப்பிடிப்புதான்' என்று ஊசி போட்டு அனுப்புவதிலும் அந்த நேரம் கரைந்துவிடுகிறது. 2023-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தால் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் தவணையாகக் கிடைக்கின்றன. இதை மனமார வரவேற்கிறோம். அங்கே ஈசிஜியும் தாமதமின்றி எடுக்கப்பட்டால்தான் அத்திட்டத்தின் முழுப்பயன் மக்களைச் சேரும்.

யாருக்கெல்லாம்?

சர்க்கரை நோயாளிகள், பெண்கள், முதியவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். மூச்சுத்திணறல், குளிர்ந்த வியர்வை, வாந்தி, திடீர் அசதி, தாடை, முதுகு, மேல்வயிற்று வலி ஆகியவற்றோடு வருபவர்களையும் இந்த விதி உள்ளடக்க வேண்டும்.

'ஈசிஜி பார்ப்பது டாக்டர் வேலை' என்ற வாதத்தை ஏற்கிறோம். நோயை முடிவு செய்பவர் மருத்துவரே. ஆனால் வலியில்லாத, கெடுதல் இல்லாத ஒரு பரிசோதனையை எடுத்து அவர் கையில் கொடுப்பது அந்த அதிகாரத்தில் தலையிடுவது ஆகாது. முதல் ஈசிஜி இயல்பாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. வலி நீடித்தால் 15 முதல் 30 நிமிட இடைவெளியில் மறுபடி எடுக்கும் பொறுப்பும் செவிலியருக்கே வேண்டும்.

கோரிக்கைகள்

1. அவசரப் பிரிவில் ஈசிஜி கருவி எப்போதும் தயாராக இருக்க வேண்டும். சீட்டும் கட்டணமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2. திரைமறைப்பும், பெண் நோயாளிக்குப் பெண் ஊழியரும் கட்டாயம் வேண்டும். கூச்சத்தால் சேலைக்கு மேலாகவோ இடம் தள்ளியோ லீட் வைத்தால் ஈசிஜியே பொய் சொல்லும். முதல் இரண்டு மார்பு லீட்கள் நான்காவது விலா இடைவெளியில், மார்பெலும்பின் இருபுறமும்தான் வைக்கப்பட வேண்டும்.

3. மருத்துவர் இல்லாத நேரத்தில், ஈசிஜியைச் செல்போனில் பெற்று உடனே பதில் சொல்லும் மருத்துவர் ஒருவரை ஒவ்வொரு நிலையத்துக்கும் பெயர் குறித்து நியமிக்க வேண்டும்.

4. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்து ஏறும்போது இரத்த அழுத்தம் சரியலாம், இதயத்துடிப்பு தாறுமாறாகலாம், இரத்தக்கசிவு ஏற்படலாம். அது முடியும்வரை, அதைக் கவனிக்கும் செவிலியருக்கு வேறு நோயாளிகளை ஒதுக்கக் கூடாது.

எங்கள் பொறுப்பு

உரிமை கேட்கும் நாங்கள் அதற்கான திறனையும் வளர்த்துக்கொள்வோம். லீட் வைக்கும் முறையிலும், ஈசிஜியில் மாரடைப்பைக் காட்டும் எஸ்டி உயர்வை அடையாளம் காண்பதிலும் உறுப்பினர்களுக்குத் தொடர் பயிற்சி அளிப்போம். ஒவ்வொரு ஈசிஜி தாளிலும் நோயாளி வந்த நேரம், ஈசிஜி எடுத்த நேரம் இரண்டையும் எழுதிக் கையொப்பமிடுவோம். தாமதம் எங்களால் நேர்ந்தால் அதுவும் அந்தத் தாளிலேயே பதிவாகட்டும். அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.