கையடக்க நூலகம்

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள ஊர் துடியலூர். அவ்வூரினின்று நாள்தோறும் கோவைக்குச் சென்று பயில்வோர் பலர். நெரிசல் மிக்க பேருந்தில், தோளிலே புத்தகச் சுமையும் கையிலே பெருநூலுமாக நின்று படித்தல் எளிதன்று. அத்தகையோர்க்கு உற்ற துணையாக வாய்த்திருப்பது மின்னூல் படிப்பான் என்னும் கருவி. ஏறத்தாழ 200 கிராம் எடையுள்ள அஃது ஆயிரக்கணக்கான நூல்களைத் தன்னுள் அடக்கவல்லது.

இதனைக் கைப்பேசியோடு ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது. கைப்பேசியின் திரை தானே ஒளியை உமிழும். இதன் திரையிலோ, கரிய துகள்களும் வெள்ளிய துகள்களும் மின்விசையால் இடம்பெயர்ந்து எழுத்தாக அமைகின்றன. ஆதலின் தாளைப் போலவே நண்பகல் வெயிலிலும் எழுத்துத் தெளிவாகத் தோன்றும். ஒருமுறை மின்னேற்றினால் பல நாள் போதும். எழுத்தைப் பெரிதாக்கிக் கொள்ளவும் இயலுமாதலின், பார்வை மங்கிய பாட்டனார்க்குப் பேரன் அளிக்கத்தக்க பரிசு இதனினும் சிறந்தது அரிது.

உ. வே. சாமிநாதையர் ஊர்தோறும் அலைந்து ஏடு தேடி, 1894 ஆம் ஆண்டில் புறநானூற்றை அச்சேற்றினார். அந்நூலை இன்று மாணவர் எவரும் விலையின்றிப் பெறலாம். 1998 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தின் வழியே, தன்னார்வலர் பலர் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி, மெய்ப்புப் பார்த்து, உலகிற்கு வழங்கி வருகின்றனர்.

ஆயினும் செய்யுள் படிப்போர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. எழுத்தைப் பெரிதாக்கினால் வெண்பாவின் நாற்சீரடி இரண்டாக முறிந்துவிடும். அடியின் தலையில் நிற்கும் எதுகை கண்ணுக்குப் புலனாகாது. யாப்புக் கற்கும் மாணவர்க்கு இது சிறு குறையன்று. பழைய நூல்கள் பல, பக்கங்களின் நிழற்படங்களாகவே இணையத்தில் கிடைக்கின்றன. 6 அங்குலத் திரையில் அவற்றின் எழுத்துகள் எறும்பு வரிசை போலத் தோன்றும்.

இவற்றினும் பெரிய குறை உடைமை பற்றியது. விற்பனை நிறுவனத்திடம் விலைகொடுத்துப் பெறும் மின்னூலில் நாம் பெரும்பாலும் பெறுவது படிக்கும் உரிமையே. 2009 ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய ‘1984’ என்னும் புதினத்தின் படிகளை, அவற்றை விற்றவர்க்கு உரிமையில்லை எனக் கூறி, வாங்கியோரின் கிண்டில் கருவிகளிலிருந்து அவர்களைக் கேளாமலே நீக்கியது. விலை திருப்பித் தரப்பட்டது. பின்னர் நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். பழைய செய்திகளை ஆட்சியாளர் அழித்து மாற்றும் கொடுமையைக் கூறும் நூலுக்கே இந்நிலை நேர்ந்தது நகைப்பிற்குரியது! அச்சுநூலாயின், விற்றவன் வீட்டிற்குள் புகுந்து அலமாரியைத் திறக்க முடியுமோ?

கொங்கு நாட்டு ஊர்களில் அண்ணன் படித்த நூலைத் தம்பி படிப்பதும், பின்னர் அது பக்கத்து வீட்டிற்குச் செல்வதும் இயல்பு. ஒருவர் வாங்கிய மின்னூலை அவ்வாறு கைமாற்றுதல் அரிது. ஆகவே விலையின்றிக் கிடைக்கும் பழநூல்களையும் பயணத்திற் படிக்கும் நூல்களையும் கருவியில் வைத்துக்கொள்வதே தக்கது. பலகால் ஓதி, ஓரத்திற் குறிப்பெழுதி, பிறர்க்குக் கொடுக்க விரும்பும் நூலைத் தாளிலேயே வாங்குதல் வேண்டும். கருவி வாங்கச் சில ஆயிரம் ரூபாய் இல்லாதவர்க்குச் சிறு தொகையில் உறுப்பினராகத்தக்க பொது நூலகம் உண்டு.