வீட்டுக் கணக்கு: உதவித்தொகையா, சம்பளமா?



இந்தப் பகுதியில் வழக்கமாகப் பால் கணக்கு, மளிகைக் கணக்கு, சீட்டுக் கணக்கு என்று பார்ப்போம். இந்த முறை ஒரு வாசகியின் கடிதம் வேறொரு கணக்கைப் போடச் சொல்கிறது. நம்மில் பலருடைய அக்காவுக்கோ தங்கைக்கோ, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கோ தேவைப்படும் கணக்கு இது. பொறுமையாகப் படியுங்கள்.

அவருக்கு வயது இருபத்தொன்பது. கணவர் விபத்தில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. மகன் நாலாம் வகுப்பு படிக்கிறான். மூன்றரை வயது மகள் அங்கன்வாடிக்குப் போகிறாள். ஒரு சிறிய நகராட்சியில் வாடகை வீடு. மாதம் 1,200 ரூபாய் விதவை உதவித்தொகை வருகிறது. மகன் பெயரில் குழந்தைகளுக்கான நிதி ஆதரவுத் தொகை 4,000 ரூபாய் வருகிறது. வீட்டில் தையல் மெஷின் இருக்கிறது. பால்ஸ் அடிப்பது, ரவிக்கை தைப்பது என்று ஒரு 1,500 ரூபாய் பார்த்துவிடுகிறார். ஆக மொத்தம் 6,700 ரூபாய்.

இப்போது பக்கத்தில் உள்ள ஒரு பாக்கிங் கம்பெனியில் மாதம் 10,000 ரூபாய்க்கு வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

மாமியார் சொல்கிறாராம்: "வேலைக்குப் போனா கவர்ன்மெண்ட் பணம் நின்னுடும்மா. சும்மா வர்றதை ஏன் விடறே? பச்சைக் குழந்தையை யாரு பார்த்துக்கறது?"

அண்ணன் சொல்கிறாராம்: "எத்தனை நாளைக்கு அதையே நம்பிட்டு இருப்பே? பத்தாயிரம் எங்கே, ஆறாயிரம் எங்கே? யோசிக்காம சேர்ந்துடு தங்கச்சி."

"இரண்டு பேருமே என் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை" என்று எழுதியிருக்கிறார்.

சகோதரி, இதற்கு அழ வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் எடுங்கள்.

முதலில் இந்த உதவிகள் என்னவென்று தெரிந்துகொள்வோம். ஆதரவற்ற விதவைகளுக்கான உதவித்தொகைத் திட்டம் தமிழ்நாட்டில் 1975-ல் வந்தது. மாதம் 1,000 ரூபாயாக இருந்த தொகையை 2023 ஆகஸ்ட் முதல் 1,200 ஆக உயர்த்தினார்கள். குழந்தைகளுக்கான நிதி ஆதரவு வேறு. அது மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் போடும் 'மிஷன் வாத்சல்யா' திட்டம். 2022-ல் வந்த அதன் விதிப்படி, கணவரை இழந்தவர், விவாகரத்தானவர், குடும்பத்தால் கைவிடப்பட்டவர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும். பதினெட்டு வயதோடு உதவி நின்றுவிடும். இன்னொரு நிபந்தனையும் உண்டு. குடும்ப வருமானம் கிராமத்தில் வருஷத்துக்கு 72,000 ரூபாயையும், மற்ற இடங்களில் 96,000 ரூபாயையும் தாண்டக்கூடாது.

வம்பு இந்த வருமான வரம்பில்தான் இருக்கிறது. 96,000 என்றால் மாதம் 8,000. ஒரு தாய் 7,900 ரூபாய் சம்பாதித்தால் 4,000 ரூபாய் உதவியும் சேர்ந்து வீட்டுக்கு 11,900 வருகிறது. அவளுக்கே 9,000 ரூபாய் சம்பளம் என்றால் உதவி நின்று 9,000 மட்டும்தான் வருகிறது. சம்பளம் 1,100 ரூபாய் ஏறினால் வீட்டு வருமானம் 2,900 ரூபாய் இறங்குகிறது! சம்பளம் 12,000-ஐத் தொடும்வரை இந்த நஷ்டம் தீராது. மாமியார் பயப்படுவதில் அர்த்தம் இல்லாமல் இல்லை.

இப்போது அந்தப் பத்தாயிரத்தைப் பிரித்துப் பார்ப்போம்.

பத்தாயிரம் என்பது கம்பெனி சொல்கிற கணக்கு. முழுச் சம்பளத்துக்கும் பி.எப். பிடித்தால் 12 சதவீதம், அதாவது 1,200 ரூபாய் போகும். இ.எஸ்.ஐ.க்கு முக்கால் சதவீதம், 75 ரூபாய். கைக்கு வருவது 8,725.

அங்கன்வாடி விட்ட பிறகு ஷிப்ட் முடியும்வரை மகளைப் பார்த்துக்கொள்ள எதிர்வீட்டுப் பாட்டி மாதம் 1,200 கேட்கிறார். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லைதான். ஆனால் ஷிப்ட் நேரத்துக்கு அந்த பஸ் வருவதில்லையாம். மினி பஸ்ஸில் போக 10, வர 10 என்றால் இருபத்தாறு நாளைக்கு 520. தினம் ஒரு டீ பத்து ரூபாய் என்று 260. இந்தச் செலவு மூன்றும் சேர்ந்து 1,980.

8,725-இல் 1,980 போனால் மிச்சம் 6,745. வீட்டில் இருக்கும்போது 6,700. உதவித்தொகை இரண்டும் நின்றுவிடும், தைக்கவும் நேரம் இருக்காது என்று வைத்துக்கொண்டால், இருபத்தாறு நாள் நின்றுகொண்டே வேலை பார்த்ததற்குக் கூடுதலாகக் கிடைப்பது வெறும் 45 ரூபாய்!

"அப்போ மாமியார் சொன்னதுதான் சரி" என்று நோட்டை மூடிவிடாதீர்கள். நாம் பாதிக் கணக்குதான் போட்டிருக்கிறோம்.

பிடித்த 1,200 எங்கே போயிற்று? அது உங்கள் பணம். உங்கள் பெயரில்தான் சேருகிறது. அதோடு முதலாளியும் தன் பங்காக 1,200 கட்ட வேண்டும். அதில் 833 ரூபாய் பென்ஷன் கணக்குக்கும், 367 ரூபாய் பி.எப். கணக்குக்கும் போகும். ஆக மாதம் 1,567 ரூபாய், வருஷத்துக்கு 18,804 ரூபாய் உங்கள் பெயரில் சேருகிறது. வட்டி தனி. 2024-25க்கு வட்டி 8.25 சதவீதம் கொடுத்தார்கள். உதவித்தொகையில் இப்படி எதுவும் சேர்வதில்லை. வந்த மாதமே அரிசி பருப்பாக முடிந்துவிடும்.

அந்த 75 ரூபாயையும் அலட்சியமாக நினைக்க வேண்டாம். முதலாளி தன் பங்காக 325 ரூபாய் சேர்த்துக் கட்டுவார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் இ.எஸ்.ஐ.யில் வைத்தியம் உண்டு. ஒரு டைபாய்டு காய்ச்சல் வந்தால் எத்தனை ஆயிரம் கரையும் என்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்தது சொல்லவே கஷ்டமான விஷயம். ஆனால் ஒற்றை ஆளாகப் பிள்ளை வளர்க்கும் எந்தத் தாயும் ராத்திரியில் நினைக்காமல் இருப்பதில்லை: "எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்?" பி.எப். உள்ள வேலையில் இருக்கும்போது அப்படி நேர்ந்தால், அப்பா அம்மா இல்லாத பிள்ளைகளுக்கு ஒரே சமயத்தில் இரண்டு பேர்வரை மாதப் பென்ஷன் உண்டு. தலைக்குக் குறைந்தது 750 ரூபாய். ஒரு வருஷம் விடாமல் வேலை பார்த்திருந்தால், பி.எப்.போடு சேர்ந்த இன்ஷூரன்ஸ் வகையில் குறைந்தது இரண்டரை லட்சம் ரூபாயும் கிடைக்கும். வேலையில் சேர்ந்த உடனேயே நாமினியாகப் பிள்ளைகள் பெயரைப் பதிவு செய்துவிட வேண்டும். இது மிக முக்கியம்.

வேலைக்குப் போனால் எல்லாமே நின்றுவிடும் என்பதும் சரியல்ல. ரேஷன் அரிசி நிற்காது. அரசுப் பள்ளியில் பையனுக்குக் காலை உணவும் மதிய உணவும் நிற்காது. மகள் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. அதற்கும் அம்மாவின் சம்பளத்தைப் பார்ப்பதில்லை.

இன்னொன்று. மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் தொடங்கியபோது, விதவை உதவித்தொகை வாங்குபவர்களுக்கு அது கிடையாது என்று விதி வைத்தார்கள். குடும்ப வருமான வரம்பு இரண்டரை லட்சம். உங்கள் சம்பளம் வருஷத்துக்கு 1,20,000 தான். ஆகவே 1,200 நிற்குமானால், 1,000 ரூபாய் உரிமைத் தொகைக்குத் தகுதி வருமா என்று உடனே விசாரியுங்கள். கிடைத்தால் அந்த வகையில் நஷ்டம் மாதம் 200 ரூபாய்தான்.

சரி, முடிவு என்ன?

கம்பெனிக்குப் போய்க் கூச்சப்படாமல் நாலு கேள்வி கேளுங்கள். மாதாமாதம் சம்பளச் சீட்டு கொடுப்பீர்களா? இ.எஸ்.ஐ. உண்டா? பி.எப். உண்டா? குழந்தையை விட இடம் உண்டா? ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது. அது இருந்தால் பாட்டிக்குக் கொடுக்கும் 1,200-ம் உங்களுக்கு மிச்சம்.

இ.எஸ்.ஐ.யும் பி.எப்.பும் உண்டு என்றால், 45 ரூபாய்தான் லாபம் என்றாலும் போய்ச் சேருங்கள் என்பேன். உதவிக்குப் பதினெட்டு வயது என்று எல்லை இருக்கிறது. சம்பளமோ அனுபவத்தோடு ஏறக்கூடியது.

"அதெல்லாம் கிடையாதும்மா, கையில பணம் வாங்கிட்டுப் போ" என்றால், அவசரப்படாதீர்கள். அந்த வேலைக்காகப் பையனின் 4,000 ரூபாயை விடுவது புத்திசாலித்தனம் அல்ல. மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போகும்வரை, அங்கன்வாடி நேரத்துக்குள் முடிகிற அரை நாள் வேலையாகப் பாருங்கள். அதில் 5,000 கிடைத்து, தையலில் 1,500 வந்தாலும் மாதம் 6,500 தான். வருஷத்துக்கு 78,000. நகராட்சிப் பகுதிக்கான வரம்புக்குள் வருகிறது. பையனின் 4,000-ஐயும் சேர்த்தால் 10,500. இன்றைய நிலையில் கையில் அதிகம் நிற்பது இந்த வழியில்தான். கிராமத்தில் இருப்பவர்கள் 72,000 வரம்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

"சம்பளத்தைச் சொல்லாமல் இரண்டையும் வாங்கினால் என்ன?" என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். பி.எப்., வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் ஆதார் இருக்கிறது. தவிர, உங்கள் மகனைப் போல இன்னொரு பையன் அந்த 4,000-க்காகக் காத்திருப்பான்.

உதவி விதிகளும் தொகையும் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே முடிவெடுப்பதற்கு முன், விதவை உதவித்தொகைக்குச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகத்திலும், பையனின் தொகைக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் நேரில் கேளுங்கள். வேலை போய்விட்டால் மறுபடி விண்ணப்பிக்க முடியுமா என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. கடிதத்தில் "பிச்சைக் காசு" என்று எழுதியிருந்தீர்கள். அப்படிச் சொல்லாதீர்கள் அம்மா. தகப்பன் இல்லாத பிள்ளை படிப்பை விட்டுவிடக்கூடாது என்று தரும் பணம் அது. இன்று வாங்குவதும் கௌரவம்தான். நாளைக்கு வேலையில் காலூன்றிய பிறகு "இனி வேண்டாம்" என்று எழுதிக் கொடுப்பதும் கௌரவம்தான்.

கம்பெனியில் என்ன பதில் சொன்னார்கள் என்று எழுதுங்கள். மாமியாரையும் அண்ணனையும் ஒருநாள் சேர்த்து உட்காரவைத்து இந்தக் கணக்கைப் படித்துக் காட்டுங்கள். மாலையில் மகளை அந்த மாமியாரே பார்த்துக்கொள்ள முன்வரலாம். அப்போது நம் கணக்கில் இன்னொரு 1,200 ரூபாய் உங்கள் பக்கம் சேர்ந்துவிடும்.