விளக்கெரியும் விகாரமும் விளக்கணைந்த விகாரமும்

காத்மாண்டுவை அடுத்த லலித்பூருக்குப் பாட்டன் என்றும் பெயர். தமிழ்க் காதுக்கு அஃது உறவுமுறையாக ஒலிப்பது தற்செயலே. ஆயினும் அங்குள்ள பழைய அரண்மனைக்குள் கால் வைத்தபோது, நாம் மறந்துபோன ஒரு மூதாதையின் வீட்டுக்கு வந்துவிட்டதாகவே உணர்ந்தேன்.

மல்ல மன்னர்களின் அரண்மனை அது. 1768-இல் பிருத்வி நாராயண் ஷா நகரைக் கைப்பற்றியதோடு அவர்களின் அரசு முடிந்தது. 1734-இல் எழுந்த கேசவ நாராயண சௌக் என்னும் முற்றத்தை ஆஸ்திரிய அரசின் உதவியோடு செப்பனிட்டு, 1997-இல் அருங்காட்சியகமாகத் திறந்தனர். பொன்முலாம் பூசிய வாயிலைக் கடந்தால் புத்தர்களும் போதிசத்துவர்களும்; அருகிலேயே சைவ, வைணவத் திருவுருவங்களும். மெழுகில் உருச்செய்து உலோகம் வார்க்கும் முறையை விளக்கும் கூடமும் உண்டு. சுவாமிமலைப் பட்டறைகளைக் கண்டவர்க்கு அந்த மெழுகும் களிமண்ணும் அந்நியமாகத் தோன்றா.

அங்கிருந்து சில நிமிடம் நடந்தால் ஹிரண்யவர்ண மகாவிகாரம். சற்றுமுன் கண்ணாடிக்குப் பின்னால் கண்ட மரபின் திருவுருவங்கள் இங்கே குங்குமமும் அரிசியும் ஏற்று, விளக்கொளியில் வீற்றிருக்கின்றன. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுவனொருவன் முறைவைத்துத் தலைமைப் பூசை செய்கிறான்.

அவனைப் பார்த்தபோது வெட்கமே மேலிட்டது. ஆண்டுதோறும் வகுப்பில் மணிமேகலை நடத்துபவன் நான். பௌத்தத்தை இறந்தகாலத்தில் மட்டுமே பேசிப் பழகிய நா என்னுடையது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தைக் கொடையளித்தான். அவ்வூரில் எஞ்சி நின்ற பௌத்தக் கோபுரம் 1867-இல் இடிக்கப்பட்டது. 1856 முதல் அங்கே மண்ணிலிருந்து வெளிப்பட்ட செப்புத் திருமேனிகள் ஏறத்தாழ 350. அவற்றுள் பல எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. அவை திரும்பிச் செல்ல ஒரு விகாரமில்லை.

வழிபாட்டுப் பொருளைக் காட்சிக்கு வைப்பதே குற்றம் என்பார் உளர். நான் உடன்படவில்லை. 2015 நிலநடுக்கத்தில் பாட்டன் சதுக்கக் கோயில்கள் சில சரிந்தபோது, மீட்கப்பட்ட சிற்பங்களுக்கு அந்த அரண்மனை வளாகமே புகலிடமாயிற்று. எழும்பூர் இல்லையேல் நம் புத்தர்கள் எந்த உலைக்குப் போயிருப்பார்களோ! அருங்காட்சியகம் நல்ல காவலன்தான். ஆனால் காவலனுக்கு நினைவும் வேண்டும். பாட்டனில் முத்திரை எதைக் குறிக்கிறது, திருவுருவம் எவ்வாறு வழிபடப்பட்டது என்று பொறுமையாக எழுதி வைத்திருக்கிறார்கள். நம் படிமங்கள் சிலவற்றின் பீடத்தில் தமிழ் எழுத்துகளே உள்ளன. அவற்றை நின்று வாசிப்பார்தாம் அரியர்.

அணைந்த விளக்கை ஏற்றுவது என்போன்ற ஆசிரியனின் பணியன்று. ஆயினும் மணிமேகலையின் ஒரு காதையையேனும் வகுப்பறைக்கு வெளியே, அந்தத் திருமேனிகளின் முன் நின்று நடத்தலாம். அடுத்த பருவத்தில் மாணவர்களோடு எழும்பூருக்குப் பேருந்தேற எண்ணியிருக்கிறேன்.