கொடையா, கடனா?



நெடுநாள் உழைத்து விடைபெறுகிறவருக்கு நிர்வாகம் அளிக்க வேண்டிய தொகையைப் பணிக்கொடை என்கிறோம். பெயரில் கொடை இருப்பதாலோ என்னவோ, கொடுப்பவர் அதைத் தருமம் என்றும், பெறுபவர் அதைத் தயவு என்றும் எண்ணிவிடுகின்றனர். உண்மையில் அது செலுத்தாமல் நிற்கும் கூலி.

1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் இதை உரிமையாக்கியது. பத்துப் பேருக்குக் குறையாத நிறுவனத்தில் ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியவருக்கு ஆண்டொன்றுக்கு 15 நாள் ஊதியம் வீதம் சேரவேண்டும். கடைசி மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து நாள் ஊதியம் காண்பர். ரூ.26,000 ஊதியத்தில் இருபதாண்டு உழைத்தவருக்கு ரூ.3 லட்சம் உரியது. பணியிலிருப்பவர் இறந்தால், ஐந்தாண்டு நிறையாவிடினும் அது குடும்பத்தைச் சேரும். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அச்சட்டத்தின் இடத்தைப் பெற்றுள்ளது; ஆயினும் 15 நாள் கணக்கு நிலைத்தே நிற்கிறது. குறித்த கால ஒப்பந்தப் பணியாளருக்கோ ஐந்தாண்டு நிபந்தனையும் நீங்கியிருக்கிறது.

இந்த உரிமைக்காகத் தனியார் பள்ளி ஆசிரியர்கள் பட்ட பாடு சிறிதன்று. 1997இல் கல்வி நிலையங்களுக்கும் சட்டம் விரிவாக்கப்பட்டது. ஆனால் ஆசிரியர் அச்சட்டம் கூறும் ‘பணியாளர்’ அல்லர் என்று 2004இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2009இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, 1997 முதலே அவர்களுக்கும் உரிமை உண்டென அறிவித்தது. பள்ளி நிர்வாகங்கள் மீண்டும் வழக்காடின. 2022 ஆகஸ்டில்தான் அத்திருத்தம் செல்லும் என உச்சநீதிமன்றம் முடிவாகக் கூறியது. இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டுகளில் எத்தனை ஆசிரியர் முதுமையடைந்து மறைந்திருப்பர்!

“எதுவும் கேட்கமாட்டேன் என்று கையெழுத்திட்டாரே!” எனச் சிலர் வாதிடுவர். சட்டத்திற்கு முரணான ஒப்பந்தம் பணிக்கொடை உரிமையைத் தடுக்காது என 1972ஆம் ஆண்டுச் சட்டமே தெளிவாக உரைத்தது. அதற்கும் முன்னர், 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தமது ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில், வறுமைக்கு அஞ்சி ஏற்றுக்கொண்ட நிபந்தனையை மனமுவந்த உடன்பாடாகக் கொள்ளலாகாது என்னும் கருத்தைத் திருச்சபைக்குப் போதித்தார். உழைப்பாளியின் கூலியை மறுப்பது விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்களுள் ஒன்றென்று ஞானோபதேசத்தில் நாம் கற்றதும் இதுவே.

ஆதலால் பணியிலிருப்போர் நியமன ஆணையையும் ஊதியச் சீட்டுகளையும் பத்திரமாய் வைத்திருங்கள். விடைபெறும்போது எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். முப்பது நாளில் தொகை வராவிடில் வட்டியும் சேரும். தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் முறையிடலாம். உரிமையைக் கேட்பது நன்றிகேடு ஆகாது.

நம் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். புதுக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டுமுன், ஓய்வுபெற்ற ஆசிரியைக்கும் ஆயாவுக்கும் பாக்கி உண்டா என்று கணக்கேட்டைப் புரட்டுங்கள். பாக்கியிருப்பின், அவர்கள் நீதிமன்றப் படியேறுமுன் தீர்த்துவிடுங்கள்.