விதைக் கம்பைக் காத்த புதர்



ஆப்பிரிக்காவில் சகாராப் பாலைவனத்திற்குத் தெற்கே, மேற்கில் செனகல் முதல் கிழக்கில் சூடான் வரை வறண்ட நிலப்பட்டை ஒன்று நீண்டு கிடக்கிறது. சாகேல் என்பது அதன் பெயர். அங்கே எவரும் நடாமல், எவரும் நீர் வார்க்காமல், ஆள் உயரமோ அதற்குச் சற்று மேலோ வளர்ந்து, கடுங்கோடையிலும் இலை உதிராமல் நிற்கும் புதர் ஒன்று உண்டு. தாவர நூலார் இதனைப் போசியா செனகலென்சிஸ் என்பர். நைஜர் நாட்டில் ஹன்சா என்றும், சூடானில் முகைத் என்றும் அழைப்பர். நம் ஊர் வேலிகளில் படரும் ஆதொண்டையும், மாவிலங்க மரமும் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இதன் பழங்கள் கோலிக்குண்டு அளவில், மஞ்சள் நிறத்தில், கொத்துக் கொத்தாய்க் காய்ப்பவை. அவை பழுக்கும் காலந்தான் கவனிக்கத்தக்கது. பழைய தானியம் குதிரில் தீர்ந்துவிட்டது. புது மழை இப்போதுதான் தொடங்குகிறது. அறுவடைக்கோ இன்னும் மூன்று நான்கு மாதங்கள் உள்ளன. உழவர் வீட்டில் அடுப்பு தயங்கும் அந்நாள்களிலே முகைத் பழுக்கிறது. சதை இனிக்கும், சிறுவர் பறித்து அப்படியே உண்பர். சாற்றைக் காய்ச்சி இறுக்கி, கம்பு மாவும் தயிரும் சேர்த்து அடை செய்வதும் உண்டு.

ஆனால் பஞ்சத்தில் உயிர் காப்பது சதைக்குள்ளே கிடக்கும் விதை. பார்வைக்குக் கொண்டைக்கடலை போல் இருக்கும். ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு புரதம்; பாதிக்கு மேல் மாவுச்சத்து. எனினும் பச்சையாக வாயில் இட முடியாத கசப்பு. கசப்போடு நச்சும் உண்டு. ஆகவே பெண்கள் அதனை உலர்த்தி, இடித்து, தோல் நீக்கி, பானை நீரில் ஊற வைக்கிறார்கள். மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை ஊற வேண்டும். கசந்த நீரை இறுத்துவிட்டுப் புது நீர் வார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். பிறகு வேகவைத்துப் பயறு போல் உண்ணலாம். மீண்டும் உலர்த்தி மாவாக்கிக் கஞ்சியும் காய்ச்சலாம். வறுத்துப் பொடித்துக் காப்பிக்கு மாற்றாய் அருந்துவோரும் உளர். எத்தனை நாள் ஊறினால் நஞ்சு நீங்கும் என்பதை எந்த ஆய்வுக்கூடமும் இப்பெண்களுக்குச் சொல்லித் தரவில்லை. தாய் மகளுக்குக் காட்டிக் கொடுத்த அறிவு அது.

அந்தக் கசப்புக்கும் பயன் உண்டு. கடுகின் காரத்திற்கு உறவான வேதிப்பொருள் ஒன்று இலையிலும் காயிலும் இருக்கிறது. செனகல் நாட்டார் தட்டைப்பயற்றைச் சேமிக்கும்போது இப்புதரின் இலைகளை நசுக்கி இடுவர். எழும் நெடியில் வண்டுகள் மடியும். இன்னொரு பயன் நமக்குப் பழக்கமானதே. நம் முன்னோர் கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டை இழைத்துத் தெளிய வைத்தது போல, சூடான் நாட்டுச் சிற்றூர்களில் இப்புதரின் பகுதிகளைக் கொண்டு சேற்று நீரைத் தெளிய வைப்பர்.

இனித் தார்ஃபூருக்கு வருவோம். சூடானின் மேற்குப் பகுதியாகிய இது, புனித பகித்தா பிறந்த மண். மழை பொய்த்து 1984, 1985 ஆண்டுகளில் அங்கே பெரும் பஞ்சம் வந்தது. வெளியுலகம் அனுப்பிய தானியம் காலந்தாழ்த்தியே வந்தது, வந்ததும் போதவில்லை. உதவி வராவிடில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மடிவர் என்று கணித்திருந்தார்கள். சுமார் 1 இலட்சம் பேர் இறந்தனர், சிறு துயரன்று. ஆயினும் கணித்த அளவுக்கு நேரவில்லை. அலெக்ஸ் டி வால் என்னும் ஆங்கில ஆய்வாளர் ஊர் ஊராய்ச் சென்று விசாரித்து, 1989-இல் நூலாய் வெளியிட்டார். பெரும்பாலோர் பிழைத்தது தங்கள் சொந்த முயற்சியினால் என்பதும், மடிந்தவர்களுள் மிகுதியானோர் நோயினால் மடிந்தனர் என்பதும் அவர் கண்டவை. அவர்கள் உண்ட காட்டு உணவுகளுள் முதலிடம் முகைத்துக்கே.

ஃபுராவியா என்ற சிற்றூரின் கைம்பெண் ஒருவரைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். அவ்வாண்டு அம்மையாருக்கு விளைந்தது சிறிதளவு கம்புதான். அதை அவர் மணலும் சரளையும் கலந்து முற்றத்தில் புதைத்துவிட்டார். பசித்த பிள்ளைகள் தோண்டித் தின்றுவிடக் கூடாதே என்றுதான் மணல் கலந்தார். பின்பு முகைத் பொறுக்கக் காட்டுவெளிக்குப் போனார். புதைத்தது அடுத்த மழைக்கான விதை. விதைநெல்லில் கை வைக்காத உழவர் குடும்பங்களை நாமும் அறிவோம். பிள்ளை அழும்போதும் கை வைக்காதிருக்க, அந்தத் தாய்க்கு இந்தப் புதர் துணை நின்றது.

காட்டுக் காயைத் தின்னும் நிலைக்கு வந்துவிட்டார்களே என்று இரங்குவது வெளியூரார் வழக்கம். இரக்கம் நல்லதே, ஆனால் அது பாதிதான் காண்கிறது. அம்மக்கள் அறிவிழந்து காட்டுக்கு ஓடவில்லை. எதை உண்பது, எதை விற்பது, எதைத் தொடாமல் வைப்பது என்று கணக்கிட்டே பசியைத் தாங்கினார்கள். ஆட்டையும் நிலத்தையும் இழந்தால் மழை பெய்த பிறகும் வாழ்வில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

2023 ஏப்ரலில் சூடானில் உள்நாட்டுப் போர் மூண்டது. எல் ஃபாஷர் நகரை அடுத்த சம்சம் அகதி முகாமில் பஞ்சம் நிலவுவதாக 2024 ஆகஸ்டில் வல்லுநர் குழு அறிவித்தது. 2025 ஏப்ரலில் முகாமே தாக்கப்பட்டு, இலட்சக்கணக்கானோர் மீண்டும் ஓடினர். அக்டோபரில் எல் ஃபாஷர் நகரும் வீழ்ந்தது. வானம் பொய்த்த பஞ்சத்தில் பெண்கள் காட்டுவெளிக்குப் போக முடிந்தது. தார்ஃபூரில் 2003-இல் தொடங்கிய முந்தைய போர் முதற்கொண்டே, விறகுக்கும் காட்டுக் காய்க்கும் முகாமை விட்டு வெளியே செல்லும் பெண்கள் ஆயுதம் தாங்கியவர்களின் கையில் அகப்பட்டு வருகிறார்கள். கனி பழுத்தாலும், பறிக்கப் போகும் பெண் திரும்பி வருவாள் என்னும் உறுதியில்லை. பறித்து வந்தாலும், முகைத்தை ஊற வைக்க ஒரு பானை வேண்டும். நாள்தோறும் மாற்றி வார்க்க நீர் வேண்டும். வேகவைக்க விறகு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே இடத்தில் நாலைந்து நாள் அச்சமின்றித் தங்கியிருக்க வேண்டும்.